ரெண்டு விசில்

நாலு ரோட்டில் அந்த மாடிப்படி ஏறும்போதே
வலி பாதி குறைந்துவிடும். நம்பாதே.
டிக்கெட் எடுக்காதவன்
செக்கிங் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வான் பார்,
அப்படித்தான் கடைவாய்ப் பல்லும்.

மூன்று ராத்திரி கிராம்பு வைத்துப் பார்த்தவன் நான்.
உப்புத்தண்ணீர்.
டிரைவர் சின்னப்பையன் அண்ணன் தந்த
பெயர் தெரியாத ரோஸ் மாத்திரை.
நாலாம் நாள் இண்டூரில்
ஒரே ஆளுக்கு இரண்டு முறை மீதி கொடுத்தேன்.
"போய்ப் புடுங்கிட்டு வாய்யா" என்றார் அண்ணன்,
கணக்கில் அவருக்கென்ன நஷ்டமோ.

"மாதையன்" என்று கூப்பிட்டார்கள்.
நாற்காலி பின்னால் சாயும்.
பதினெட்டு வருஷ சர்வீஸில்
எங்கள் டிப்போவில் சாய்கிற சீட்டு நான் பார்த்ததில்லை.

வாயைத் திறங்க என்றதும்
என் கை தானாக எழுந்து வாயை மூடியது.
எங்கள் பக்கத்துக் கை அது.
சிரித்தால் மூடும், கொட்டாவிக்கு மூடும்,
கல்யாண போட்டோவில்கூட மூடியிருக்கிறது.
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பல்,
டீ வடிகட்டும் துணியின் நிறத்தில் வரிவரியாக.
டாக்டர் ரெஹானா கையை மெல்ல விலக்கினார்.
"எனக்கு பாப்பாரப்பட்டிங்க" என்றார்.
மாஸ்க் போட்டிருந்தார்.
அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஊசி எறும்பு கடிக்கிற மாதிரி என்பார்கள்.
கட்டெறும்பு.
அதையும் சொல்லிவிடுவது நல்லது.
பத்து நிமிஷத்தில் கீழுதடு உன்னுடையது இல்லை,
தொட்டால்
பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தொட்டதுபோல்
மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

பிடுங்குவது என்கிறோம், ஆனால் இழுப்பதில்லை அவர்கள்.
ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் வண்டியில்
தோளைக் கொடுத்துக் கொடுத்து
நான் இடம் உண்டாக்குவேனே,
முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்,
அதுதான்.
வலிக்காது. அழுத்தும்.
இரண்டும் வேறு என்று
அங்கே படுத்தால்தான் தெரியும்.
ஒரு சத்தம் வரும், தலைக்குள்ளே,
கரும்பை முட்டியில் வைத்து ஒடிப்பதுபோல்.
அதற்கு மட்டும் பயந்துகொள், பரவாயில்லை.

டங்.
தட்டில் கிடந்தது.
இரண்டு வேரையும் அகட்டி,
ஓடுகிற வண்டியில் சில்லறை எண்ணுகிறவன்
காலை அகட்டி நிற்பதுபோல்.
இவ்வளவு நீளமா என்று கேட்டேன்.
வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ.

பஞ்சைக் கடித்துக்கொள், ஒரு மணி நேரம்.
துப்பாதே. ஸ்ட்ராவில் உறிஞ்சாதே.
சூடாகக் களி வேண்டாம், ஆறிய கூழ் போதும்.
குழியில் ரத்தம் உறைந்து மூடி போடும்,
மூடி கழன்றால் இதைவிடப் பெரிய வலி என்றார்.
பிறகு என் காக்கிப் பையை எட்டிப் பார்த்து,
"மூணு நாளைக்கு விசிலும் கூடாது."

லீவு ஒரு நாள்தான் இருந்தது.

மறுநாள் தகரத்தில் தட்டினேன்,
நிறுத்த ஒன்று, போக இரண்டு.
சோகத்தூர் வரை கேட்டது அண்ணனுக்கு.
அதகப்பாடி கேட்கவில்லை.
தக்காளிக் கூடையோடு ஓர் அம்மா
வெகுதூரம் தள்ளி இறங்கி
என் பரம்பரையை விசாரித்தார்.
பதில் சொல்ல வாய் இல்லை.

அப்போது கடைசி சீட்டிலிருந்து விசில்.
நர்சிங் படிக்கிற பெண்,
இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து,
ஒன்று, இன்னொன்று.
வண்டி நகர்ந்தது.
உதடு முழுக்கச் சுருண்டு
பழுப்பு வரி அத்தனையும் வெயிலில் தெரிந்தன.
மூடிக்கொள்ளவில்லை.
விரல்களுக்கு வேலை இருந்தது.
பென்னாகரம் வரை அவள்தான் கண்டக்டர்.

நாக்கு குழியைப் போய்ப் போய்ப் பார்க்கும்.
படியில் நிற்காதே என்றால் நிற்கிறவன்தான் அதுவும்,
சொல்லிப் பயனில்லை.

பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார்கள்.
காகிதம் கிழிந்து பைக்குள் சில்லறையோடு கலந்துவிட்டது.
நேற்று இண்டூரில் ஒருவருக்கு
இரண்டு ரூபாயோடு அதையும் நீட்டியிருக்கிறேன்.
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது செல்லாதுங்க" என்று
திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.